ஹவோர்தியா சுருங்கிக் கிடக்கிறதா? தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்கள்

போன வருடக் கடைசி பள்ளி விடுமுறையில் தெலுக் இந்தானிலிருந்து அம்மா வந்து இரண்டு வாரம் எங்களோடு தங்கினார். ஜன்னலோரம் உள்ளங்கை அளவுச் சட்டியில் ஹவோர்தியா என்னும் என் குட்டிக் கற்றாழைச் செடி இருந்தது. இலையெல்லாம் மெலிந்து, ஓரம் மடங்கி, வற்றல் போட்ட கத்தரிக்காய் மாதிரி கிடந்தது. "வாயில்லா ஜீவன், ஒரு வாய் தண்ணி ஊத்த மாட்டியாடி?" என்று திட்டிக்கொண்டே ஒரு குவளை ஊற்றிவிட்டார். நான்கே நாளில் செடி நடுவிலிருந்து கூழாகிப் போனது.

ஒரு வாரம் அம்மா மேல் கோபமாகவே இருந்தேன். பிறகு சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கறுத்த நூல் நாலைந்து, தொட்டதும் உரிந்து வந்தன. அந்த வேர் செத்து மாதக்கணக்காகியிருக்கும். அம்மா ஊற்றியது சாகக் கிடப்பவர் வாயில் விடும் கடைசிச் சொட்டுப் பால்தான். செடியைக் கொன்றது, அதற்கு முன்னால் வாரம் தவறாமல் நான் ஊற்றி வந்த தண்ணீர்.

கோலாலம்பூரில் ஹவோர்தியா வளர்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தாகத்தால் சுருங்கிய செடியும், வேர் அழுகிச் சுருங்கிய செடியும் பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். முதலாவதுக்கு மருந்து தண்ணீர். இரண்டாவதுக்கு அதே தண்ணீர் விஷம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு சோதனை

ஒன்று, அசைத்துப் பார்ப்பது. செடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். பல் மாதிரி கெட்டியாக நின்றால் வேர் இருக்கிறது. ஆடுகிற பால் பல் மாதிரி அசைந்தால் வேர் போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டு, சாத்தே குச்சி. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, தின்றுவிட்டு குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள், கழுவிக் காயவையுங்கள். அதைச் சட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சி கறுத்து ஈரமாக வந்தால், மேல்மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. சீன எழுத்து போட்ட ஈரமானி ஒன்றை இருபது வெள்ளி கொடுத்து வாங்கினேன். கல் கலந்த மண்ணில் அது சொல்வதெல்லாம் பொய். குச்சி பொய் சொல்லாது.

இரண்டு விடையையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளுக்கு வாருங்கள்.

இந்தச் செடிக்கு நம் ஊரில் ஏன் இத்தனை சிக்கல்

ஹவோர்தியா கற்றாழை வகையறாதான், கையடக்கமான தங்கச்சி. சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா, அதிலும் தெற்கே கேப் பகுதியின் வறண்ட நிலங்கள். குட்டிக் கரூ என்னும் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் வருடம் முழுக்கப் பெய்யும் மழையே 300 மில்லிமீட்டரைத் தாண்டாது. நம்மூரில் அவ்வளவு மழை ஏப்ரல் அல்லது நவம்பர் மாதம் ஒன்றிலேயே கொட்டித் தீர்த்துவிடும்.

ஆனால் மழையை விடப் பெரிய எதிரி நம் இரவு என்றுதான் நான் சொல்வேன். மழையில் நனையாமல் செடியைக் காப்பாற்றிவிடலாம், ஜன்னலுக்குள் வைத்தால் போதும். இரவை என்ன செய்வது? ஹவோர்தியா பகலில் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். வெயில் சாய்ந்து குளிர்ந்த பிறகுதான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். அதை அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் சமைத்துக்கொள்ளும். கரூவில் கோடை இரவுகூடப் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். இங்கே நள்ளிரவிலும் 24, 25. அதோடு குளியலறை மாதிரி ஈரக் காற்று. செடி மந்தமாகிவிடுகிறது, தண்ணீரை மெதுவாகக் குடிக்கிறது. சட்டியும் காய மாட்டேன் என்கிறது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் அசையாமல் கிடக்கும் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் மிக நன்றாக இருக்கும் செடிகள் பால்கனியில் இல்லை, படுக்கையறை ஜன்னலில் இருக்கின்றன. இரவெல்லாம் அங்கே ஏர்கோன் ஓடுகிறது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அப்படியேதான் இருக்கிறது.

இலை மெலிந்து, சுருங்கி, உள்ளே மடங்குகிறது

குச்சி காய்ந்து வருகிறது, செடி ஆடவில்லை. இது வெறும் தாகம். தண்ணீர் அடித்துளை வழியே வெளியே வழியும் வரை மேலிருந்து ஊற்றுங்கள், பிறகு வடியவிடுங்கள். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் இலை உப்பிவிடும்.

குச்சி காய்ந்து வருகிறது, செடி ஆடுகிறது. அல்லது குச்சி ஈரமாக வருகிறது, ஆனாலும் இலை சுருங்குகிறது. இரண்டும் வேர் இல்லாத கேஸ். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள்.

செடியை வெளியே எடுங்கள். பழைய மண் முழுவதையும் உதறி நீக்குங்கள். நர்சரியில் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்தீர்கள் என்றால் இங்கேதான் திருடன் பிடிபடுவான்: செடியின் நடு அடியில் எலுமிச்சை அளவில் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், உருண்டை ஒன்று இறுகிப் போயிருக்கும். சுற்றிலும் நீங்கள் போட்ட நல்ல கல் கலவை காய்ந்திருக்க, அந்த உருண்டை மட்டும் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். செடி வளர்ந்து வந்த கேமரன் மலைக் குளிரில் அந்தக் கோகோபீட் அதற்குச் சரியாக இருந்திருக்கலாம். 1,500 மீட்டர் இறங்கி வந்த பிறகு அதுவே ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றியது போலாகிவிடுகிறது. நான் வாங்கிய கடையில் பையன் "வாரம் ஒரு தடவ ஊத்துங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்றான். அவன் மேல் தவறில்லை, கூரை போட்ட திறந்த வெளியில் காற்றோட்டம் இருக்கும் அவன் இடத்தில் அது சரிதான். இப்போது எந்தச் செடி வாங்கினாலும் அன்றே உருண்டையை உடைத்துவிடுகிறேன்.

அடுத்து வேர். ஆரோக்கியமான ஹவோர்தியா வேர் கொழுத்து, வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, முளைவிட்ட பயறு வால் மாதிரி கெட்டியாக இருக்கும். இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். ஒன்றிரண்டு அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய வேரைக் கழற்றிவிட்டுப் புதிது விடுவது இந்தச் செடியின் சுபாவம். மொத்தமும் அப்படி இருந்தால்தான் வினை. செத்ததையெல்லாம் சுத்தமான கத்திரியால் நறுக்கிவிடுங்கள். அடித்தண்டில் பழுப்பு இருந்தால், வெள்ளையான சதை தெரியும் வரை சீவுங்கள்.

பிறகு காயவைப்பது. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். நிழலில், காற்றோட்டத்தில், ஒரு தட்டில் ஐந்து நாளாவது படுக்கட்டும். பெரிய வெட்டு என்றால் பத்து நாள். நம்மூர் ஈரக் காற்றில் புண் ஆற நேரமாகும். வேரில்லாமல் பட்டினி கிடக்கிறதே என்று கவலை வேண்டாம், இலையில் தண்ணீர் சேமித்து வைத்திருக்கிறது, அதற்காகத்தானே அது இப்படிப் பிறந்திருக்கிறது. வெட்டில் இலவங்கப்பட்டைத் தூள் தொடலாம் என்பார்கள். தொடலாம், ஆனால் நல்ல வேர் மேல் பட்டால் அதையும் காய்ச்சிவிடும். அம்மா தொலைபேசியில் மஞ்சள் தடவச் சொன்னார். தடவினேன். கெடுதலும் இல்லை, நன்மையும் எனக்குத் தெரியவில்லை.

ஆறிய பிறகு காய்ந்த பியூமிஸ் (இலேசான, துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) மேல் உட்காரவையுங்கள், புதைக்க வேண்டாம். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை பிடிக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வெள்ளைக் கொம்பு மாதிரி வேர் முனை எட்டிப் பார்த்ததும், கல்லின் அடிப்பகுதி மட்டும் நனைகிறாற்போல் கொஞ்சம் தண்ணீர். அதுவரை இலை இன்னும் சுருங்கும், மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கலவை பற்றிக் கேட்பீர்கள். பத்துப் பங்கில் எட்டுப் பங்கு கல்: பட்டாணி அளவுக்குச் சற்றுக் குறைந்த பியூமிஸ், கிடைக்காவிட்டால் பெர்லைட் என்னும் வெள்ளைப் பொரிகல்லும் கழுவிய கரடு மணலும். ஒரு பங்கு கருக்கிய உமி, நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும், மலிவு. ஒரு பங்கு மட்கிய உரம். இணையத்தில் குளிர் நாட்டுக்காரர்கள் சரிபாதி மண் போடச் சொல்வார்கள், அவர்கள் வீட்டில் காய்கிறது, இங்கே காயாது. சட்டி மண்சட்டியாக இருக்கட்டும். பூனை முகம் வரைந்த பீங்கான் சட்டி அழகுதான். அடியில் துளை இல்லையென்றால் அதில் பேனா போட்டு வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்காதீர்கள். என் ஒன்பதாம் மாடியில் மூன்று அங்குல மண்சட்டிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாள். தரைவீட்டில், சுவரை ஒட்டி வைத்தால் மூன்று வாரமும் ஆகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்வெட்டு வந்தால் கவலைப்படாத ஒரே ஜீவன் இதுதான்.

அடி இலை கண்ணாடி மாதிரி, வெந்த வெங்காயம் மாதிரி ஆகிறது

முதலில் ஒரு எச்சரிக்கை. ஹவோர்தியா கூப்பரி, ரெட்டுசா, டிரங்காட்டா போன்ற மெல்லிலை வகைகளுக்கு இலையின் நுனியே கண்ணாடி போலத்தான் இருக்கும். சொந்த நிலத்தில் அவை மண்ணுக்குள் கழுத்துவரை புதைந்து கிடக்கும். சுருங்கும் வேர்கள் செடியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நுனி ஜன்னல் வழியாக மட்டும் வெளிச்சம் உள்ளே இறங்கும். ஆகவே நுனி தெளிவாக இருந்தால் அது அழகு. அடி தெளிவாகி, தொட்டால் கொழகொழவென்று இருந்தால் அழுகல்.

அழுகல் என்றால் அன்றே செயல்பட வேண்டும், நாளைக்கு என்று விட்டால் நடுக்குருத்துக்குப் போய்விடும். கெட்ட இலைகளைப் பக்கவாட்டில் ஆட்டி முழுதாகப் பிய்த்தெடுங்கள், பாதியில் ஒடிக்காதீர்கள். அடித்தண்டைச் சீவுங்கள், ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை ஆல்கஹாலில் துடையுங்கள். சதை வெள்ளையாக வந்தால் மேலே சொன்னபடி காயவைத்து வேர்பிடிக்க விடலாம். நடுக்குருத்தை இலேசாக இழுத்தால் கையோடு வந்துவிட்டதா? தாய்ச்செடி போய்விட்டது. பக்கத்தில் குட்டிகள் இருந்தால் அவற்றைப் பிரித்தெடுங்கள். குட்டியும் இல்லையென்றால், கெட்டியான இலை ஒன்றை அடிச்சதையோடு எடுத்துக் காயவைத்துக் கல்லில் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். நான் வைத்த ஏழில் இரண்டு முளைத்தன.

வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்ட கடின இலை வகைக்கு இந்த ஆபத்து குறைவு. அதை 2013க்குப் பிறகு ஹவோர்தியாப்சிஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. முதல் முறை வளர்ப்பவர் அதிலிருந்து தொடங்குவது நல்லது, கண்ணாடி வகைகளின் விலையும் அதிகம், கோபமும் அதிகம்.

தட்டில் தண்ணீர் தேங்க விடுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த நோய் வரும். தேங்கிய தட்டு ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டு மலேசியச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிக்கலாம், அபராதமும் போடலாம். செடிக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

செடி நெட்டையாக இழுத்துக்கொண்டு போகிறது, இலை விரிந்து வெளிறுகிறது

வெளிச்சம் போதவில்லை. இதற்கு வேரைப் பார்க்கத் தேவையில்லை, ஜன்னலைப் பாருங்கள். நிழல்செடி என்று சொல்லி விற்றதை நம்பி வரவேற்பறை மேசையில் வைத்திருப்பீர்கள். புதரின் அடியில் வளரும் செடிதான், ஆனால் கரூவின் புதரடி வெளிச்சம் நம் வரவேற்பறை வெளிச்சத்தை விடப் பல மடங்கு.

கிழக்கு பார்த்த ஜன்னல் கிடைத்தால் யோசிக்காமல் அங்கே வையுங்கள். வடக்கு, தெற்கு பால்கனிக்காரர்களுக்குத்தான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும், செப்டம்பர் நடுவில்தான் தெற்கே திரும்பும். எங்கள் பால்கனி வடக்கு பார்த்தது. டிசம்பரில் செடிகள் இழுத்துக்கொள்கின்றன என்று விளிம்புக்கு நகர்த்தினேன். ஜூனில் அதே இடத்தில் அவை வெந்து சிவந்தன. தெற்கு பால்கனிக்கு இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சட்டியை இடம் மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இழுத்துக்கொண்ட இலை திரும்பக் குட்டையாகாது. புது இலை சரியாக வரும், அவ்வளவுதான்.

சிவப்பு, பழுப்பு, வெள்ளைத் தழும்பு

செடி முழுக்கச் சிவந்தோ செம்பு நிறமாகவோ இருந்தால் வெயில் அதிகம். செடி தன்னைக் காத்துக்கொள்ளப் பூசும் நிறம் அது, நிழலுக்கு நகர்த்தினால் சில வாரத்தில் பச்சை திரும்பும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, காய்ந்த தோல் போல இருந்தால் வெயில் சுட்ட தழும்பு. அது ஆறாது. அந்த இலை கழியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் வெயில் படாத இடத்திலும் செடி சிவந்தால் மறுபடி அசைத்துப் பாருங்கள். வேரில்லாத செடியும் இப்படிச் சிவக்கும்.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. செம்பருத்தி வளர்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். மாலையில் செய்யுங்கள், ஆல்கஹால் பட்ட இலையில் வெயில் படக்கூடாது. ஒரு முறை செய்தால் போகாது. முட்டை பொரிந்து அடுத்த படை வரும். வாரம் ஒருமுறை, நான்கு வாரம்.

எறும்பு வரிசையாக ஏறுகிறதா? அதுதான் மேய்ப்பன். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், வேறு சட்டிக்கும் சுமந்து போகும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியைத் துடைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

மேலே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் செடி காரணமில்லாமல் மந்தமாகிறது, சட்டியைத் தட்டினால் உட்சுவரில் சுண்ணாம்பு தெளித்தது போல் வெள்ளைத் தூள். இது வேர் மாவுப்பூச்சி, இன்னும் மோசம், ஏனென்றால் தாகம், அழுகல் இரண்டின் வேஷத்தையும் இது போடும். மண்ணைக் குப்பைப் பையில் கட்டி எறியுங்கள், வேறு செடிக்குக் கொட்டாதீர்கள். வேரைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிட்டு, அலசி, காயவைத்து, புது மண்ணில், கொதிநீர் ஊற்றிக் கழுவிய சட்டியில் நடுங்கள். புதிதாக வாங்கிய செடியை ஒரு மாதம் தனியாக வைக்காமல் நேரே கூட்டத்தில் சேர்த்ததால் பதினொரு சட்டிக்கு நான் இந்த வேலையைச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

சின்னச் சின்ன சந்தேகங்கள்

நுனி மட்டும் காய்கிறது: கொஞ்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நிறைய என்றால், ஏர்கோனின் வெளிப்பெட்டி கக்கும் சுடுகாற்றில் சட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடியில் ஓரிரு இலை காகிதமாகக் காய்கிறது: வயதான இலை. முழுதாகக் காய்ந்ததும் உருவிவிடுங்கள், ஈரமாக இருந்தால் பூசணம் வரும்.

சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன: ஈ செடியைத் தின்னவில்லை. மண் காயவே இல்லை என்று தகவல் சொல்ல வந்திருக்கிறது.

கம்பி மாதிரி நீளமாக ஒன்று முளைக்கிறது: பூத்தண்டு. பூ வெள்ளையாக, கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. செடி நோஞ்சானாக இருந்தால் வெட்டிவிடுங்கள், தெம்பாக இருந்தால் பூக்கட்டும்.

கடைசியாக, என்னிடம் அதிகம் பேர் சொல்லும் குறை: எட்டு மாதமாகச் செடி அப்படியே இருக்கிறது, வளரவே இல்லை. அசைத்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால், நடுக்குருத்தின் புது இலை ஒன்றில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அந்தப் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இலை தள்ளிப் போயிருந்தால் இந்த ஊருக்கு அது நல்ல வேகம்.